போதும் என்றால் நின்றுவிடும் சண்டை

“சண்டை” என்ற சொல்லைக் கேட்டாலே எங்களில் பலருக்கு அடிவயிறு கலங்கும். அதையே பொழுதுபோக்காக நடத்துகின்றார்கள் என்று யாராவது சொன்னால், “இவர்களுக்கு வேறு வேலை இல்லையா?” என்றுதான் கேட்கத் தோன்றும். நானும் அப்படித்தான் கேட்டேன். 2023 ஆம் ஆண்டில் ஒரு குறுகிய காலப் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்று சின்னம்மாவின் வீட்டில் தங்கியிருந்தேன். அப்போது கண்ட ஒரு விடயத்தை இம்மாதம் வாசக சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

சின்னம்மாவின் மகளுக்குப் பதினாறு வயது. நான் போய் இறங்கிய அன்று அவள் சமையலறை மேசையில் இருந்து, மரக்கறி வெட்டும் வெள்ளைப் பிளாஸ்ரிக் பலகையைச் சிறிய வாளால் அறுத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பிள்ளை செய்யிறாய்?”

“ரோபோ செய்யிறன் அக்கா. சனிக்கிழமை சண்டை இருக்கு. நீங்களும் வாங்கோவன்.”

அடுப்படியில் நின்ற சின்னம்மா திரும்பியும் பாராமல், “இது மூண்டாவது பலகை. இனி நான் உள்ளங்கையிலை வைச்சுத்தான் வெண்டிக்காய் வெட்டவேணும்” என்றார்.

சனிக்கிழமை போனோம். ஒரு பாடசாலையின் விளையாட்டு மண்டபம். நடுவிலே கண்ணாடி போன்ற தடித்த சுவர்களால் மூடிக் கட்டிய ஒரு பெட்டி. அதற்குள்ளே சாப்பாட்டுக் கோப்பை அளவிலான இரண்டு இயந்திரங்கள். ஒன்றின் முன்னால் ஒரு இரும்புத் தகடு வேகமாகச் சுழன்றுகொண்டிருந்தது. இரண்டும் மோதின. அந்தச் சத்தத்தில் நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். தகரக் கூரையில் சிதறல் பட்டுத் தெறித்தது போல இருந்தது. 2009 ஆம் ஆண்டு கடந்து எவ்வளவு காலமாகிவிட்டது! ஆனால் உடம்புக்கு நாட்காட்டி தெரியாது. வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்று தண்ணீர் குடித்தேன்.

பின்னால் ஓடி வந்த தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பயந்திட்டீங்களோ அக்கா? பெட்டிக்குள்ளை ஆக்கள் ஒருத்தரும் இல்லை. ரெண்டும் சாமான்தான்.”

அந்தப் பதில் எனக்கு அப்போது போதவில்லை. ஆனாலும் திரும்ப உள்ளே போனேன். மாலைவரை இருந்து பார்த்தேன். பார்த்ததும், பின்னர் தேடி வாசித்து அறிந்ததும்தான் இந்தக் கட்டுரை.

தூசி உறிஞ்சியில் தொடங்கிய கதை

இந்த விளையாட்டின் பிறப்பிடங்களில் முக்கியமானது அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம். திரைப்படங்களுக்கு மாதிரி உருவங்கள் செய்துவந்த மார்க் தோர்ப் என்பவர், 1992 ஆம் ஆண்டில் வீட்டைக் கூட்டுவதற்காகத் தொலைக்கட்டுப்பாட்டில் ஓடும் ஒரு தூசி உறிஞ்சியைச் செய்து பார்த்தார். அது வீட்டை ஒழுங்காகக் கூட்டவில்லை. ஆனால் இப்படி ஓடும் இரண்டு இயந்திரங்களை மோதவிட்டால் எப்படி இருக்கும் என்ற எண்ணத்தை அவருக்குக் கொடுத்தது. 1994 ஓகஸ்ட் மாதத்தில் ‘ரோபோ வோர்ஸ்’ என்ற பெயரில் முதலாவது போட்டியை அவர் நடத்தினார்.

அந்த எண்ணம் கடல் கடந்து இங்கிலாந்துக்கும் வந்தது. பிபிசி தொலைக்காட்சி 1998 இல் அதே பெயரில் ஒரு தொடரை ஆரம்பித்தது. 2004 வரை ஓடிய அது, 2016 இல் மீண்டும் தொடங்கி 2018 இல் நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் ட்ரே ரொஸ்கி, கிரெக் மன்சன் என்ற ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருவர் 1999 இல் ‘பற்றில்பொட்ஸ்’ என்ற போட்டியைத் தொடங்கினார்கள். அதுவும் 2000 ஆம் ஆண்டிலிருந்து தொலைக்காட்சிக்கு வந்தது. மார்க் தோர்ப் 2023 இல் காலமானார்.

தொலைக்காட்சியில் வருபவை நூறு கிலோவுக்கு மேற்பட்ட பெரிய இயந்திரங்கள். அவற்றுக்கு வாகனம் வாங்கும் அளவுக்குப் பணம் செலவாகும். ஆனால் இந்த விளையாட்டை உண்மையில் உயிரோடு வைத்திருப்பவர்கள் பாடசாலை மண்டபங்களிலும் சனசமூக மண்டபங்களிலும் வார இறுதியில் கூடுகின்ற சாதாரண மக்களே. இங்கிலாந்தில் ‘எறும்பு எடை’ என்று ஒரு பிரிவு உண்டு. 150 கிராமுக்கு மேற்படக்கூடாது. தொடங்கும்போது நான்கு அங்குலச் சதுரப் பெட்டிக்குள் அடங்கவேண்டும். அடுத்தது ‘வண்டு எடை’, 1.5 கிலோ. தங்கச்சியினுடையது வண்டு.

வெட்டுப் பலகையும் ட்ரோன் மோட்டரும்

ரோபோ என்று பெயர் சொன்னாலும், இவற்றில் பெரும்பாலானவை தாமாகச் சிந்தித்து இயங்குபவை அல்ல. பெட்டிக்கு வெளியே ஒருவர் கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் வைத்து ஓட்டுகின்றார். உள்ளே இருப்பவை ஒரு பற்றரி, சில்லுகளைச் சுழற்றும் மோட்டர்கள், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறிய மின்னணுப் பலகை, கட்டளையைப் பெறும் வாங்கி ஆகியவையாகும். இவற்றுக்கு மேலாக ஓர் ஆயுதம்.

வெட்டுப் பலகை எதற்கு என்று நான் கேட்டேன். அந்தப் பிளாஸ்ரிக் அடித்தால் வெடிப்பதில்லை. நசிந்து, கீறுப்பட்டு, அடியை வாங்கிக்கொள்ளும். அத்தோடு மலிவானது. எனவே புதிதாகத் தொடங்குபவர்கள் பலர் உடலை அதிலேயே செய்கின்றார்கள். அனுபவசாலிகள் அலுமினியம், தைத்தானியம், தேய்மானம் தாங்கும் உருக்கு என்று போவார்கள். பறக்கும் ட்ரோன்கள் பெருகிய பிறகு அவற்றுக்கான சிறிய, வலுவான மோட்டர்கள் மலிந்துவிட்டதால், முன்பு பெரிய இயந்திரங்களில் மட்டும் இருந்த பலம் இன்று உள்ளங்கையில் அடங்குகின்றது.

ஆயுதங்களில் சில வகைகள் உண்டு. எதிராளியின் அடியில் புகுந்து தூக்குகின்ற சாய்தளம், காற்றழுத்தத்தால் புரட்டி எறிகின்ற தட்டு, மேலிருந்து அடிக்கின்ற சம்மட்டி, சுழலும் தகடு. இவற்றில் சுழலும் தகடே மிகப் பயங்கரமானது. காரணம் எளியது. நாங்கள் உலக்கையை மெல்ல உயர்த்தி, பலமெல்லாம் சேர்த்து ஒரே அடியாக உரலில் இறக்குவதில்லையா? அதுபோல மோட்டர் சில வினாடிகள் சிறிது சிறிதாகக் கொடுத்த சக்தியைச் சுழலும் தகடு சேமித்து வைத்து, மோதும் கணத்தில் ஒரேயடியாகக் கொடுத்துவிடுகின்றது. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்காகும்.

தங்கச்சி சுழலும் தகடு செய்யவில்லை. அவளுடையது சாய்தளமும் தூக்கும் கரமும். “தகடு வைச்சால் அடிச்சு உடைக்கிறதைத்தான் யோசிக்கவேணும். இதுக்கு ஓடப் பழகினாப் போதும்” என்றாள்.

தகப்பனோடு கருவி பிடித்த சிறுமி

மண்டபத்திலே ஆண்களே அதிகம். இதைச் சொல்லாமல் விட்டால் உண்மையை மறைத்ததாகும். ஆனால் பெண்கள் இந்த விளையாட்டில் ஆரம்ப காலத்திலிருந்தே இருக்கின்றார்கள்.

லிசா வின்ரர் என்ற அமெரிக்கச் சிறுமி 1996 இல், தனது பத்தாவது வயதில், தகப்பனாரோடு சேர்ந்து ரோபோ செய்து சான் பிரான்சிஸ்கோ போட்டிக்கு வந்தார். பின்னர் பற்றில்பொட்ஸில் அவர் ஓட்டிய ரோபோ ஒன்று எல்லோருக்கும் பிடித்துப்போனது. சிறுபிள்ளைகள் மணல் விளையாடும் தொட்டியை மூடுகின்ற, செவ்வண்டு உருவிலான பிளாஸ்ரிக் மூடிதான் அதன் ஆயுதம். எதிராளியை அந்த மூடியால் கவிழ்த்து மூடிப் பிடித்துக்கொள்ளும். இரும்பும் வாளுமாக வந்தவர்களுக்கு முன்னால் ஒரு விளையாட்டுப் பொருளோடு வந்து நின்ற பிள்ளை அவர். வளர்ந்து பொறியியலாளராகி, பின்னர் அதே போட்டியின் நடுவர்களில் ஒருவராகவும் அமர்ந்தார். ‘சொம்ப்’ என்ற ரோபோவின் அணிக்கு சோயி ஸ்டீவன்சனும், ‘வல்கிரி’ என்ற ரோபோவின் அணிக்கு லியான் குஷிங்கும் தலைமை தாங்கினார்கள். பிபிசி தொடர் 2016 இல் மீண்டும் வந்தபோது நடுவர் மூவரில் ஒருவர் லூசி ரொஜர்ஸ் என்ற பெண் பொறியியலாளர். மற்றொருவர் எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் சேது விஜயகுமார்.

இவர்களை ஏன் குறிப்பிடுகின்றேன் என்றால், கருவியைப் பிடிப்பது ஆணுக்கு இயல்பு, பெண்ணுக்கு வராது என்று நாங்கள் நினைப்பது இயற்கையின் சட்டம் அல்ல. பத்து வயதில் யாருடைய கையில் யார் என்னத்தைக் கொடுத்தார்கள் என்பதுதான் வித்தியாசம். போர் எங்கள் குடும்பங்களிலிருந்து ஆண்களைப் பறித்த பிறகு தண்ணீர்ப் பம்பியைக் கழற்றிப் பூட்டவும், சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போடவும், கூரைக்கு ஓலை மாற்றவும் நாங்கள் கற்றுக்கொண்டோமே! யாரும் கற்றுத்தரவில்லை, தேவை கற்றுத்தந்தது. எங்கள் மகள்மாருக்கு அது தேவையால் அல்லாமல் விருப்பத்தால் வரலாம். பழுதான விசிறியைக் கழற்றிப் பார்க்க அவள் ஆசைப்பட்டால், மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் இருந்து பார்க்க விடுங்கள். ஒன்று மட்டும் சொல்லவேண்டும். வளவிலும் காட்டிலும் கிடக்கின்ற, இன்னதென்று தெரியாத எந்த இரும்பையும் பிள்ளைகள் தொடக்கூடாது. எங்கள் மண்ணில் அந்தப் பயம் இன்னும் தீரவில்லை.

கதவு பூட்டிய பிறகே

அன்று என்னை மிகவும் சிந்திக்க வைத்தது இந்த விளையாட்டின் விதிகள்தான்.

ரோபோவைப் பெட்டிக்குள் கொண்டுபோகும்போது ஆயுதம் அசையாதபடி ஒரு கம்பியால் பூட்டியிருக்கவேண்டும். பற்றரி இணைப்பு கழற்றப்பட்டிருக்கவேண்டும். உள்ளே வைத்த பிறகே இணைப்பைக் கொடுப்பார்கள். உயிர் வந்ததைக் காட்ட ஒரு சிறிய விளக்கு எரியும். பூட்டுக் கம்பியை எடுத்து, எல்லோரும் வெளியே வந்து, கதவைப் பூட்டிய பிறகே கட்டுப்பாட்டுக் கருவியில் கை வைக்கலாம். கருவியோடு உள்ள தொடர்பு அறுந்தால் ரோபோ தானாக நிற்கவேண்டும்; நிற்காத ரோபோவுக்கு அனுமதி இல்லை. பற்றரி துளைபட்டால் தீப்பிடிக்கும் என்பதால், தீத்தாங்கும் பையில் வைத்தே மின்னேற்றவேண்டும்.

இந்த விதிகள் சும்மா வரவில்லை. 1995 ஆம் ஆண்டுப் போட்டியில் ‘பிளெண்டோ’ என்ற சுழலும் ரோபோ எதிராளியை அடித்த அடியில் துண்டுகள் தடுப்பைத் தாண்டி வெளியே பறந்தன. மேற்கொண்டு ஓடவிட்டால் ஆபத்து என்று அதனை நிறுத்தினார்கள். இன்று நூல் நுனியளவும் திறவாமல் பெட்டியை மூடிக் கட்டுகின்றார்கள். பார்க்க வந்தவர் மேல் ஒரு துண்டும் படக்கூடாது என்பதே முதல் விதி.

சண்டைக்கு மூன்று நிமிடம். ஒரு ரோபோ அசையாமல் நின்றுவிட்டால் பத்து எண்ணுவார்கள். அதற்குள் அசையாவிட்டால் தோல்வி. மூன்று நிமிடமும் இரண்டும் ஓடினால் நடுவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். இன்னொரு விதியும் உண்டு. எந்த நேரத்திலும் ஒருவர் “போதும்” என்று சொல்லலாம். சொன்னவுடன் மற்றவர் நிறுத்தவேண்டும். அதற்குப் பிறகு அடிப்பது வீரம் அல்ல, குற்றம்.

தங்கச்சியின் இரண்டாவது சண்டையில் அதைக் கண்ணால் கண்டேன். அவளுக்கு எதிராக வந்தது ஒரு சுழலும் தகடு. முதல் அடியில் அவளுடைய ஒரு சில்லுப் பறந்தது. அடுத்த அடியில் ரோபோ கவிழ்ந்து ஒரே இடத்தில் வட்டம் போட்டது. இன்னொரு அடி விழுந்தால் உள்ளே உள்ள பற்றரியும் போகும். அவள் கையை உயர்த்தினாள். எதிராளி அதே கணத்தில் தன் ரோபோவைப் பின்னுக்கு எடுத்தார். தகடு உடனே நிற்கவில்லை. வேகம் தணியும்வரை சுழன்றுகொண்டேயிருந்தது. அது முற்றாக நிற்கும்வரை ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. மண்டபம் முழுவதும் பொறுத்திருந்தது.

திருத்தும் மேசை

மண்டபத்தின் ஓரமாக நீள மேசைகள். சண்டைகள் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன. மீதி நாள் முழுவதும் இந்த மேசைகளில்தான் கழிகின்றது. ஈயம் உருக்கி வயர் ஒட்டுபவர்கள், வளைந்த தகட்டைச் சுத்தியலால் நிமிர்த்துபவர்கள், தொலைந்த ஸ்குரூவை நிலத்தில் தேடுபவர்கள். ஒரு மூலையில் பேரனும் பேத்தியாரும் சேர்ந்து இரண்டு பற்சில்லுகளைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் தேருக்கு முதல் நாள் கோயில் வீதி இருக்குமே, அந்தப் பரபரப்பு.

தங்கச்சி உடைந்த ரோபோவை மேசையில் வைத்துவிட்டு அழாமல் இருக்க முயன்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் ஒரு சண்டை மீதி இருந்தது. ஆனால் மோட்டர் போய்விட்டது. மாற்று மோட்டர் அவளிடம் இல்லை. அப்போது ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு பழைய பிஸ்கற் ரின். சற்று முன்னர் அவளுடைய ரோபோவை உடைத்தவர் அவர்தான்.

ரின்னைத் திறந்து ஒரு மோட்டரை எடுத்துக் கொடுத்தார். கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்து, எந்த இடத்தில் பலகை மெல்லியதாக இருந்ததால் சில்லுப் பறந்தது என்று காட்டினார். இருவருமாகத் திருத்தினார்கள். கடைசிச் சண்டைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ரோபோ மீண்டும் ஓடியது. அதிலும் அவள் தோற்றாள். ஆனால் மூன்று நிமிடமும் நின்று பிடித்துத் தோற்றாள்.

“அவருக்கு மோட்டருக்குக் காசு குடுக்கவேணாமோ?” என்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்.

“இல்லை அக்கா. அடுத்த முறை வேற ஆருக்கும் தேவைப்பட்டா நான் குடுக்கோணும். அவ்வளவுதான்.”

இது அந்த ஒருவருடைய நல்ல குணம் மட்டும் அல்ல. தோற்றவருக்கு உதிரிப்பாகம் கொடுத்து மறுபடி களத்தில் நிறுத்துவது இந்த விளையாட்டுக்காரரிடையே ஊறிப்போன பழக்கம். எதிரி இல்லாவிட்டால் விளையாட்டே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

நடுவரின் எச்சரிக்கை

விளையாட்டுக்கென்று வேறாக வகுத்த இடம், வேறாக வகுத்த நேரம், எல்லோரும் மனமொத்து ஏற்ற விதிகள் உண்டென்று ஹொய்சிங்கா என்ற டச்சு வரலாற்றாசிரியர் 1938 இல் எழுதினார். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது பரீட்சைக்காக இதை மனனம் செய்தேன். பொருள் அந்த மண்டபத்தில்தான் விளங்கியது. சுவரையும், நேரத்தையும், “போதும்” என்ற சொல்லையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்னவென்று எங்களுக்குத் தெரியும்.

இதை நன்கு அறிந்த ஒருவர் பிபிசி தொடரின் நடுவர் மேசையிலேயே இருந்தார். ஷெஃபீல்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் நோயல் ஷார்க்கி. விளையாட்டு ரோபோக்களுக்குப் புள்ளி போட்ட அதே மனிதர், மனிதனின் கட்டளை இன்றித் தானாக ஆளைத் தெரிந்து கொல்லும் ஆயுதங்களுக்கு எதிராகப் போராடி வருபவர். ரோபோ ஆயுதக் கட்டுப்பாட்டுக்கான சர்வதேசக் குழுவை 2009 இல் நிறுவியவர்களில் அவரும் ஒருவர். கொலைகார ரோபோக்களைத் தடுக்கும் உலகளாவிய இயக்கம் 2013 இல் தொடங்கியபோதும் அதன் முன்னணியில் நின்றார். 2023 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இத்தகைய ஆயுதங்கள் பற்றித் தனது முதலாவது தீர்மானத்தை 152 நாடுகளின் ஆதரவோடு நிறைவேற்றியது.

இயந்திரத்துக்குக் கைதூக்கியவரைத் தெரியாது. பிள்ளையை அணைத்தபடி ஓடுபவளைத் தெரியாது. அந்த மண்டபத்தில் தகட்டைப் பின்னுக்கு எடுத்தது இயந்திரம் அல்ல, கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடித்திருந்த மனிதர்.

ஓர் அம்மாவின் கேள்வி

ஊர் திரும்பிய பின்னர் எங்கள் பெண்கள் குழுவின் மாதக் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். தையல் வேலை செய்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெட்டுப் பலகைக் கதைக்கு எல்லோரும் சிரித்தார்கள். “பணம் கூடின ஆக்களின்ரை விளையாட்டு” என்றார் ஒருவர். அதுவும் உண்மைதான்.

பின்வரிசையில் ஓர் அம்மா இருந்தார். 2009 மே மாதத்தில் மகனைத் தன் கையாலேயே கூட்டிச் சென்று சரணடைய விட்டவர். அன்றிலிருந்து இன்றுவரை தேடிக்கொண்டிருப்பவர். கூட்டங்களில் அதிகம் கதைக்கமாட்டார். அன்று ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

“தோத்த ஆக்களை என்ன செய்தவை பிள்ளை?”

தங்கச்சி கையை உயர்த்தியதையும், மற்றவர் உடனே நிறுத்தியதையும், பின்னர் பிஸ்கற் ரின்னோடு வந்து பக்கத்தில் இருந்து திருத்திக் கொடுத்ததையும் திரும்பவும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார்.

“கை தூக்கின உடனை நிப்பாட்டினவையோ?”

“ஓம் அம்மா. உடனை.”

சிறிது நேரம் ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவர் ஊசியில் நூலைக் கோத்தார். கண் மங்கியிருந்ததால் இரண்டு முறை தவறியது. பக்கத்தில் இருந்தவர் வாங்கிக் கோத்துக் கொடுத்தார்.